20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, ஊசி இல்லாத மருந்து

(ஏற்காட்டில் நடந்த நம் தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பயிலரங்கில் பேசியது. எழுத்து வடிவில் வேண்டும் என்று பல தோழர்கள் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம்.)



மேடையில் இருக்கிற மூத்த நிர்வாகிகளுக்கும், நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, மாரமங்கலம்னு மலையோட நாலு மூலையில இருந்தும் விடியக்காலையிலேயே கிளம்பி வந்திருக்கிற தோழர்களுக்கும், முன்வரிசையில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம். காலையில இருந்து வாக்காளர் பட்டியல், பூத் கமிட்டி, ரீல்ஸ் எடுக்கிறது எப்படின்னு கேட்டுக் களைச்சுப் போயிருப்பீங்க. எனக்குக் கொடுத்திருக்கிறது இருபது நிமிஷம். நான் பேசப் போறது மூக்கைப் பத்தி.

சிரிங்க, பரவாயில்ல. மூக்கு வழியா கொடுக்கிற மருந்து, மூக்கு வழியா போடுற தடுப்பு மருந்து, இதுதான் விஷயம். மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. ஸ்பிரே பாட்டில் முனையில இருக்கிற சின்னத் துவாரம் இருக்கு பாருங்க, அது எங்க டிபார்ட்மென்ட். அதை விடப் பெரிய காரணம், நாம இப்போ உட்கார்ந்திருக்கிற இந்த மலை.

சேலத்துல இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். மேப்ல பார்த்தா பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும். ஆனா நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,500 மீட்டர் உயரம். சனி ஞாயிறுல டூரிஸ்ட் வண்டி வரிசை, மழை நாள்ல பனிமூட்டம். இதுவும் ஏற்காடு டவுனுக்கான கணக்குதான். ஏரியைத் தாண்டி இன்னும் உள்ளே இருக்கிற ஊர்கள்ல, ராத்திரி பத்து மணிக்கு ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தா என்ன ஆகும்? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசல் வரைக்கும் அந்த வலிப்பு பொறுமையா காத்திருக்காது.

பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும். 5 நிமிஷம் தாண்டியும் நிக்கலைன்னா அது அவசரம். அதுக்கு மேல ஒவ்வொரு நிமிஷமும் நிறுத்துறது கஷ்டமாகிட்டே போகும், மூளைக்கும் ஆபத்து. 5 நிமிஷத்துல நாம எத்தனை வளைவு இறங்குவோம்? நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இந்த இடத்துல நம்ம ஊர்ல என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். யாராவது ஓடிப்போய் சாவிக்கொத்து எடுத்துட்டு வந்து கையில திணிப்பாங்க. ஒருத்தர் வாயைத் திறந்து ஸ்பூன் வைப்பாரு, இன்னொருத்தர் கை காலை அமுக்கிப் பிடிப்பாரு. இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க. சாவியைப் பிடிச்சதும் நின்னுச்சுன்னா, அது ரெண்டு நிமிஷத்துல தானா நின்ன வலிப்பு, பேரு மட்டும் சாவிக்குப் போயிடுச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் வைக்கக் கூடாது, தலை அடிபடாம பார்த்துக்கணும், மணி பார்க்கணும், 108-க்குச் சொல்லணும். இவ்வளவுதான்.

மருத்துவமனைக்குப் போனா வலிப்பை நிறுத்த ஊசி போடுவாங்க. கையும் காலும் உதறிக்கிட்டிருக்கிற சின்னக் குழந்தையோட கையில நரம்பு தேடி ஊசி ஏத்துறது, நல்ல வெளிச்சத்துல, அனுபவம் உள்ள நர்ஸுக்கே சிரமமான வேலை. ஆம்புலன்ஸ் வளைவுல திரும்பும்போது கேட்கவே வேண்டாம். இங்கதான் மூக்கு வருது. மிடசோலம்னு ஒரு மருந்து. அதை ஸ்பிரேயா மூக்குல அடிச்சா சில நிமிஷத்துல ரத்தத்துல கலந்து வேலையைத் தொடங்கிடும். டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் குழந்தைகள்கிட்ட இதையும், ஆசனவாய் வழியா கொடுக்கிற டயஸிபாமையும் ஒப்பிட்டுப் பார்த்து 2006-ல ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. மூக்கு வழி மருந்தைச் சீக்கிரம் கொடுக்க முடிஞ்சது, வலிப்பும் சீக்கிரம் நின்னுச்சு. அமெரிக்காவுல 2019-ல தான் மிடசோலம் மூக்கு ஸ்பிரேக்கு அனுமதி கிடைச்சது. நம்ம நாட்டு மருத்துவர்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே இதைப் பயன்படுத்திட்டு இருக்காங்க.

ஒரு எச்சரிக்கை இப்பவே சொல்லிடறேன். இது மருத்துவர் சீட்டு இல்லாம கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அளவு கூடினா மூச்சு மந்தமாகும். குழந்தையோட எடையைப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்லணும், எப்போ அடிக்கணும்னு வீட்டுல உள்ளவங்களுக்குக் காட்டிக் கொடுக்கணும். நம்ம பதிவைப் படிச்சிட்டு யாரும் நேரா மருந்துக்கடைக்குப் போக வேண்டாம்.

சரி, மூக்குல அடிச்ச மருந்து எப்படி ரத்தத்துக்குப் போகுது? நம்ம தாத்தாக்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. மூக்குப்பொடி ஒரு சிட்டிகை போட்டதும் தலைக்கு ஏறுதே, அந்தப் புகையிலைச் சரக்கு எந்த ஊசியில போச்சு? மூக்கோட உள்தோலுக்கு அடியிலயே மெல்லிய ரத்தக் குழாய்கள் வலை மாதிரி பின்னிக் கிடக்கு. வெளியில பார்க்கத்தான் மூக்கு சின்னது. உள்ளே மடிப்பு மடிப்பா இருக்கிறதை விரிச்சா சுமார் 150 சதுர சென்டிமீட்டர் வரும், கிட்டத்தட்ட நம்ம உள்ளங்கை அளவு. இன்னொரு லாபமும் இருக்கு. வாயில போட்ட மாத்திரை குடலுக்குப் போய், கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு பங்கை இழந்துட்டுத்தான் ரத்தத்துக்கு வரும். மூக்கு வழி மருந்துக்கு அந்தச் சுங்கச்சாவடி கிடையாது.

அதுக்காக எதை வேணா மூக்குல விட முடியாது. ஒரு துவாரத்துக்கு ரெண்டு மூணு சொட்டுக்கு மேல போனா தொண்டைக்கு வழிஞ்சிடும். அதனால மருந்து அடர்த்தியா இருக்கணும். மூக்குக்குள்ள இருக்கிற நுண்முடிகள் சளியைப் பின்னால தள்ளிக்கிட்டே இருக்கும், 15, 20 நிமிஷத்துல உள்ளே போன எதையும் துடைச்சு அனுப்பிடும். மருந்து அதுக்குள்ள உறிஞ்சப்படணும். இப்போ எங்க டிபார்ட்மென்ட்: ஸ்பிரேல இருந்து வர்ற துளி 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தா மூக்குல தங்காம நுரையீரலுக்குப் போயிடும். ரொம்பப் பெரிய துளின்னா வழிஞ்சிடும். நடுவுல ஒரு அளவுல, மூக்கோட உள்சுவர் முழுக்கப் பரவுற மாதிரி பனித்தூறலா வரணும். அந்த பிளாஸ்டிக் முனையை வடிவமைக்கிறது லேசான வேலை இல்ல. எத்தனை இன்ஜினியர்கள் இங்கே டெலிவரி ஆப்ல வண்டி ஓட்டிட்டு இருக்கோம், இந்த மாதிரி வேலைக்கு ஆள் தேவைப்படுதுன்னு காலேஜ்ல ஒருத்தரும் சொன்னதில்ல. அது வேற வருத்தம்.

இப்போ பாம்பு. காபித் தோட்டத்துலயும் அடிவாரத்து வயல்லயும் வேலை பார்க்கிறவங்க இங்கே பாதிப் பேர், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இந்தியாவுல பாம்புக்கடியால வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் சாகறாங்கன்னு 2020-ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு கணக்குப் போட்டுச் சொல்லுது. 2000-ல இருந்து 2019 வரைக்கும் பார்த்தா சுமார் 12 லட்சம் உயிர். இதுல பெரும்பாலானவங்க கிராமத்துக்காரங்க. நாகப்பாம்பு, கட்டுவிரியன் கடிச்சா விஷம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். முதல்ல கண் இமை தொங்கும், அப்புறம் பேச்சு குழறும், கடைசியா மூச்சு விடுற தசை நின்னுடும். உயிர் போறது அந்த மூச்சுல.

2001-ல அமெரிக்காவோட கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பாம்பு ஆராய்ச்சியாளர் ஜோ ஸ்லோவின்ஸ்கி, மியான்மர் காட்டுக்குள்ள கட்டுவிரியன் கடிச்சு இறந்துட்டாரு. பாம்பைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மனுஷன். ஆனா உதவி வந்து சேர முடியாத இடம். அதே கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் மேத்யூ லெவின் கேட்ட கேள்வி இதுதான்: ஊசியும் டாக்டரும் இல்லாத இடத்துல, மூச்சு நிக்கிறதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட முடியுமா? நியோஸ்டிக்மின்னு ஒரு பழைய மருந்து, ஆபரேஷன் தியேட்டர்ல தினமும் பயன்படுத்துறது. நரம்பு தசைக்கு அனுப்புற ரசாயனச் சேதியை அழியவிடாம அது காப்பாத்தும். நாகப்பாம்பு விஷம் அந்தச் சேதியை வாங்கிக்கிற சாவித் துவாரத்துல போய் அடைச்சுக்கும். சேதி நிறைய சேர்ந்தா போட்டி போட்டு உள்ளே நுழைஞ்சிடும். இதை மூக்கு ஸ்பிரேயா கொடுத்துப் பார்த்தாங்க. 2013-ல, நல்ல உடல்நிலையில இருந்த ஒரு தன்னார்வலருக்கு மருத்துவர்கள் மேற்பார்வையில தசை செயலிழக்க மருந்து கொடுத்து, மயக்கம் இல்லாம முழிச்சிருக்கும்போதே மூக்குல இந்த ஸ்பிரேயை அடிச்சாங்க. 20 நிமிஷத்துக்குள்ள சரியாகிட்டாரு.

அதே வருஷம் ஜூன் மாசம் அடுத்த கட்டம் எங்கே நடந்துச்சு தெரியுமா? நம்ம பக்கம்தான், கிருஷ்ணகிரி. அங்கே டி.சி.ஆர். மருத்துவமனையில, பாம்பு கடிச்சு முகத் தசை செயலிழந்திருந்த ஒருத்தருக்கு மருத்துவர்கள் மூக்கு வழியா நியோஸ்டிக்மின் கொடுத்தாங்க. அரை மணி நேரத்துல முகம் பழைய நிலைக்கு வந்துச்சு. கலிபோர்னியாவுல தொடங்கின யோசனை, நம்ம சேர்வராயன் மலை உச்சியில இருந்து கூப்பிடு தூரத்துல ஒரு மனுஷருக்குப் பயன்பட்டிருக்கு. நம்ம மாவட்டத்துல எத்தனை பேருக்கு இது தெரியும்? இதைப் பத்தி ஒரு மீம் கூட வரல.

கை தட்டறதுக்கு முன்னாடி மீதியையும் கேளுங்க. ஒரு நோயாளி, ஒரு தன்னார்வலர், அப்புறம் எலிகள்ல செஞ்ச சோதனை. இதை வச்சு ஒரு மருந்தை ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாது. அந்த ஸ்பிரே இன்னைக்கும் வழக்கமான சிகிச்சையா மாறல. அது விஷத்தை முறிக்காது, மூச்சு நிக்கிறதைத் தள்ளிப்போட மட்டும்தான் உதவும். கண்ணாடிவிரியன் கடிச்சா ரத்தம் உறையாம போகும், அதுக்கு இது சுத்தமா உதவாது. கட்டுவிரியனுக்கும் நாகப்பாம்பு அளவுக்கு நம்ப முடியாது. லெவின் அதுக்கப்புறம் வாயில போடுற வேறொரு மருந்து பக்கம் போயிட்டாரு. ஆக, பாம்பு கடிச்சா இன்னைக்கும் ஏ.எஸ்.வி. விஷமுறிவு மருந்துதான், அதுவும் நரம்பு வழியா, மருத்துவமனையில. கட்டுப் போடறது, கீறி விடறது, வாயால உறிஞ்சறது எதுவும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பர்ல பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோய்னு அறிவிச்சிருக்கு. அதாவது தனியார் மருத்துவமனையா இருந்தாலும் கணக்கு கொடுத்தாகணும். கணக்கு வந்தால்தான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேணும்னு தெரியும்.

தேனீ கொட்டினதுக்கு ஒரு வரி. மலைத்தேனீ கூட்டமா கொட்டி, உடம்பு தடிச்சு, மூச்சு அடைச்சு, ரத்த அழுத்தம் இறங்கினா அட்ரினலின் ஊசிதான் காப்பாத்தும். அதே அட்ரினலினை மூக்கு ஸ்பிரேயா 2024 ஆகஸ்ட்ல அமெரிக்கா அனுமதிச்சிருக்கு. விலை நம்ம கைக்கு எட்டுற விலை இல்ல. ஆனா வழி திறந்திருக்கு.

தடுப்பு மருந்துக்கு வருவோம். போலியோ சொட்டு மருந்து போட்ட அம்மாக்கள் எல்லாருக்கும் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். போலியோ கிருமி வாய் வழியா வந்து குடல்ல தங்குது, அதனால சொட்டு மருந்தை வாயில விட்டுக் குடல்லயே காவல் போட்டோம். கொரோனாவும் ஃப்ளூவும் வர்ற வழி மூக்கு. கையில போட்ட ஊசி ரத்தத்துல எதிர்ப்பை நல்லா உண்டாக்கும், அதனாலதான் சாவு குறைஞ்சது. ஆனா மூக்கோட ஈரமான உள்தோல்ல ஐ.ஜி.ஏ.ன்னு ஒரு தனிக் காவல் இருக்கு. கை ஊசி அதை அவ்வளவா எழுப்பாது. வீட்டுக்குள்ள ஆள் இருக்கு, வாசல்ல நாய் இல்ல. மூக்குல போட்டா வாசல்லயே தடுக்கலாம், அடுத்தவங்களுக்குப் பரவுறதும் குறையலாம்ங்கறது எதிர்பார்ப்பு.

இதுல இந்தியா பின்தங்கி இல்ல. 2010-ல பன்றிக் காய்ச்சலுக்கு எதிரா புனே சீரம் நிறுவனம் நாசோவேக்னு மூக்கு வழி தடுப்பு மருந்து கொண்டு வந்துச்சு. 2022 செப்டம்பர் 6-ம் தேதி, பாரத் பயோடெக்கோட இன்கோவேக் கொரோனா மூக்கு மருந்துக்கு அனுமதி கிடைச்சது. அந்த நிறுவனத்தை உருவாக்கின கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணிப் பக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம். மருந்தோட அடிப்படை அமெரிக்காவோட வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல, செயின்ட் லூயிஸ் நகரத்துல உருவானது. சிம்பன்சி குரங்குக்குச் சளி பிடிக்க வைக்கிற ஒரு வைரஸைப் பெருக முடியாதபடி செஞ்சு, அதுல கொரோனாவோட ஸ்பைக் பகுதிக்கான குறிப்பை ஏத்தி அனுப்பறாங்க. ஒவ்வொரு துவாரத்துலயும் 4 சொட்டு, மொத்தம் 8. அவ்வளவுதான் தடுப்பூசி. இதுல 'ஊசி'ங்கற வார்த்தையே இனிமே ஒட்டாது.

உலகத்துலயே முதல்னு அப்போ எல்லாப் பக்கத்துலயும் போஸ்டர் ஓடுச்சு. ரெண்டு நாளைக்கு முன்னாடி சீனா ஒரு கொரோனா மருந்துக்கு அனுமதி கொடுத்திருந்துச்சு. அது மூக்குல விடுறது இல்ல, வாயால உள்ளிழுக்கிறது. அதனால 'மூக்கு வழியில முதல் வரிசை'ன்னு சொன்னா யாரும் குறை சொல்ல முடியாது. பெருமைப்படுறதுக்குக் கூட கொஞ்சம் கவனம் வேணும் தோழர்களே, இல்லைன்னா அடுத்த நிமிஷமே கமென்ட்ல ஒருத்தன் வந்து ஆதாரத்தோட அடிப்பான்.

ஆனா அந்த மருந்து மக்கள்கிட்ட வந்தது 2023 குடியரசு தினத்துல. அலை ஓய்ஞ்சு, எல்லாரும் ரெண்டு ஊசி போட்டு, கொரோனாவையே மறந்த நேரம். தனியார்ல 800 ரூபாய், மேல வரி. அரசுக்கு 325 ரூபாய். யாரு போய் நிப்பாங்க? அனுமதி கொடுத்தது ரத்தத்துலயும் உமிழ்நீர்லயும் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு உண்டாச்சுன்னு அளந்து பார்த்துத்தான். பரவலை எவ்வளவு தடுத்துச்சுங்கற கேள்விக்குப் பதில் சொல்ற அளவுக்கு ஊர்ல அது புழங்கவே இல்ல. இன்னொன்னு, நம்ம மலைக்கு முக்கியமானது: அதையும் 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள குளிர்ல வைக்கணும். ஊசி போயிடுச்சு, ஐஸ் பெட்டி போகல. உள் கிராமத்துக்குப் பெட்டியைத் தோள்ல மாட்டிட்டு நடக்கிற கிராம செவிலியர் அக்காவோட சுமை அப்படியேதான் இருக்கு.

மூக்குங்கறதால ஆபத்து இல்லைன்னும் நினைக்கக் கூடாது. 2000-ல சுவிட்சர்லாந்துல ஒரு மூக்கு வழி ஃப்ளூ மருந்து வந்துச்சு. போட்டவங்கள்ல சிலருக்கு முகவாதம் வந்ததைக் கவனிச்சு அதைத் திரும்பப் பெற்றாங்க. அதுல சேர்த்திருந்த ஒரு பொருள் மேல சந்தேகம். அமெரிக்காவோட ஃப்ளூமிஸ்ட் 2003-ல அனுமதி வாங்கின நல்ல மருந்து, ஆனா சரியா வேலை செய்யலைன்னு 2016-லயும் 2017-லயும் அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையமே பரிந்துரைக்கலை. திருத்தம் செஞ்ச பிறகுதான் திரும்ப வந்துச்சு. அறிவியல் இப்படித்தான், போட்டுப் பார்த்து, கணக்கெடுத்து, தப்புன்னா நிறுத்தும்.

வாட்ஸ்அப் அப்படி நிறுத்தாது. 2021 இரண்டாவது அலையில, மூக்குல எலுமிச்சைச் சாறு விட்டா கொரோனா போயிடும்னு ஒரு ஃபார்வர்டு நாடு முழுக்க ஓடுச்சு. அது பொய்னு அரசாங்கமே மறுப்புச் சொல்ல வேண்டி வந்தது. அதை விடப் பழைய பழக்கம் ஒண்ணு நம்ம வீட்டுலயே இருக்கு. குளிப்பாட்டினதும் பச்சைக் குழந்தை மூக்குல எண்ணெய் விடறது. பாட்டிங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இதை நிறுத்தியே ஆகணும். எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கினா கரையாது, அங்கேயே தங்கி நிமோனியா ஆகும். குழந்தை இருமக்கூட இருமாது, அதனால வெளியில தெரியாது. சித்த மருத்துவத்துல நசியம்னு ஒரு முறை இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு, 32 புற மருத்துவ முறைகள்ல அது ஒண்ணு. அதையும் படிச்ச சித்த மருத்துவர்தான், ஆளையும் நோயையும் பார்த்துச் செய்யணும். வீட்டுக் குளியலறையில இல்ல.

இப்போ நம்ம வேலை. அடுத்த கிராம சபை எப்போன்னு உங்களுக்கே தெரியும். அதுல தெருவிளக்கு, தண்ணிக் குழாயோட இதையும் கேளுங்க: நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல மிடசோலம் மூக்கு ஸ்பிரே இருக்கா? 108 வண்டியில இருக்கா? ஏ.எஸ்.வி. எத்தனை குப்பி, காலாவதி தேதி என்ன? ராத்திரியில யாரு இருப்பாங்க? பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுத வைங்க, அதைப் போட்டோ எடுத்து மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்க. வலிப்பு உள்ள குழந்தை இருக்கிற வீடு உங்க பூத்துல எதுன்னு உங்களுக்குத் தெரியும். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது "மூக்கு ஸ்பிரே எங்க குழந்தைக்குச் சரிப்படுமா டாக்டர்"னு ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்க. அவங்க பேரையோ போட்டோவையோ குரூப்ல போடாதீங்க.

பேசி முடிச்ச பிறகு முன்வரிசையில இருந்து ஒரு அக்கா கேட்டாங்க: "தம்பி, இங்கே குளிர்ல பிள்ளைங்களுக்கு எப்பவும் மூக்கு ஒழுகிட்டுத்தானே இருக்கு, மருந்து எப்படி உள்ளே போகும்?" அன்னைக்கு வந்ததுலயே நல்ல கேள்வி. சளி அடைச்சிருந்தாலோ மூக்குல ரத்தம் வந்தாலோ மருந்து சரியா உறிஞ்சப்படாது. முடிஞ்சா துடைச்சிட்டு, ரெண்டு துவாரத்துலயும் பாதிப் பாதியா அடிப்பாங்க. அதுவும் முடியலைன்னா, அதே மிடசோலத்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல கொடுக்கிற முறையும் இருக்கு. அதுக்கான மருந்தும் அளவும் தனி. ரெண்டையும் மருத்துவர்கிட்ட முன்கூட்டியே கேட்டு, சீட்டுல எழுதி வாங்கி வச்சுக்கணும்.